எழுபத்தாறு என்று எழுதிய கை

பதினான்காம் கட்டில் அவுசேப்பு அப்பச்சனின் மணிக்கட்டில் சில்விக்கு இன்றைக்கும் நாடி கிடைக்கவில்லை. மூன்று விரலையும் பாடத்தில் சொன்ன இடத்தில்தான் வைத்திருந்தாள். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. விரலுக்கடியில் தோல் மட்டுமே இருந்தது.

அவளுக்கு இது புதிதில்லை. யார் கையைப் பிடித்தாலும் அவளுடைய பதற்றம்தான் முதலில் விரல் நுனியில் துடிக்கும். நர்ஸிங் இரண்டாம் வருஷம் வந்தும் நாடி பிடிக்கத் தெரியாத ஒரே மக்கு தான்தான் என்று அறைத்தோழி டெஸ்ஸியிடம் ஒருநாள் அழுதேவிட்டாள். டெஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எடீ மண்டூ, இங்க எல்லாருக்கும் நாடி எழுபத்தாறு, மூச்சு இருபது. முந்தி வந்தவ என்ன எழுதியிருக்காளோ அதையே எழுதிட்டு வருவியா, அழுதுட்டு நிக்கிறா."

அன்றிலிருந்து எழுபத்தாறுதான் சில்வியைக் காப்பாற்றி வந்தது. ஆனால் பாடம் எடுக்கும் லிஸியம்மா மேடத்துக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. நாலு மணிக்கு வந்து ஒவ்வொரு கையாகத் தானே பிடித்துப் பார்க்கப்போவதாகவும், அட்டையில் இருப்பது கையில் இல்லையென்றால் சில்வி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்றும் காலையிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது மணி மூன்றரை. கர்க்கடக மாசத்து அடைமழை ஜன்னல் தகரத்தில் ஓயாமல் கொட்டி, ஆண்கள் வார்டில் பகலிலேயே விளக்குப் போட வைத்திருந்தது. ஃபினாயில், ஈரப் போர்வை, தூக்குவாளியில் யாரோ கொண்டுவந்த கஞ்சியும் சுட்ட பப்படமும், இவை எல்லாவற்றுக்கும் அடியில், பூச்சாடித் தண்ணீரை மாற்ற மறந்ததுபோல ஒரு வாடை, பதினான்காம் கட்டிலை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வந்தது.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஞாயிறு முதல் வெள்ளி வரை விதவிதமான கையெழுத்துகள். எல்லாமே எழுபத்தாறு. டாக்டரும் அதைப் பார்த்துத்தான் தினமும் தலையாட்டிவிட்டு நகர்ந்திருந்தார். ஞாயிறு மத்தியானம் அந்த முதலாவது எழுபத்தாறை எழுதியவள் சில்வி. அன்றைக்கும் விரலில் எதுவும் படவில்லை. அவளுக்குப் பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் பட்டிருக்காது. ஒவ்வொருத்தியும் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டால் மானம் போய்விடும்.

சில்வி அட்டையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அப்பச்சன் விழித்துத்தான் இருந்தார். அவர் நெஞ்சின் மேல் போர்வைக் கட்டங்களைப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். மழை கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

"கிடைக்கலையா மோளே?" என்றார். பேசும்போது மட்டும் நெஞ்சு ஏறி இறங்கியது.

"என் விரல்தான் சரியில்ல அப்பச்சா."

"விரல்ல ஒரு குறையும் இல்ல. பார்த்ததை எழுது."

ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். இன்னொரு எழுபத்தாறு போடலாம். நாலு மணிக்கு மேடம் வந்துவிடுவார். பூஜ்யம் என்று எழுதினாள்.

அவர் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் வரிசையில் நின்றவருக்கு வழி விட்டதுபோல முகம் தெளிந்தது.

"அப்போ நான் போகலாம்ல," என்றார்.

கண் நிலைகுத்தியது. தாடை தொங்கியது. ஆறு நாளில் நடந்திருக்க வேண்டியதெல்லாம் அவர் முகத்தில் ஒரே நொடியில் நடந்தது. கறுப்பு. வீக்கம். வாடை.

சில்வி பின்வாங்கினாள். முதுகில் பதினைந்தாம் கட்டில் இடித்தது. அட்டை ஆடியது. எழுபத்தாறு. அவள் கையெழுத்து.

எதிர்வரிசையில் ஒரு போர்வை விலகியது. ஒரு கை வெளியே வந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. அடுத்த கட்டிலில் இன்னொன்று. அதற்கடுத்ததில். மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

பதினைந்தில் சனோஜ். பைக்கிலிருந்து விழுந்து வந்தவன். கல்யாணமாகி நாலு மாதம். அவன் மனைவி ரெம்யா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பதினான்காம் கட்டிலைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். சில்வியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சனோஜின் கையும் நீண்டது. சில்வி தொட்டாள். சில்லென்றிருந்தது. மூன்று விரல். ஒரு நிமிஷம். தோல் மட்டும்தான்.

ரெம்யா கிண்ணத்தை வைத்துவிட்டு, பேனா பிடித்திருந்த சில்வியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"எழுபத்தாறுன்னே எழுதுங்க சிஸ்டரே," என்றாள். "தினமும் எழுதுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவளுக்குப் பின்னால் சனோஜ் சில்வியைப் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். விழுங்காத கஞ்சி அவன் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது.