கார் சூடாகும் வரை...!

பிணம் கனத்தது.

இரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட இந்திரகுமார் இத்தனை கனப்பான் என்று சிறிதரன் நினைத்ததே இல்லை. எப்படியோ டிக்கிக்குள் தள்ளி மூடினான்.

1974, ஜூலை. மெல்பேர்னில் அது குளிர்காலம். ஸ்பிரிங்வேல் புறநகரில் காலை ஐந்தரை மணி. கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி!

சாவியைத் திருகினான்.

கர்... கர்... கர்...

"ஸ்டார்ட் ஆகன், சனியனே!"

சோக்கை இழுத்து மறுபடி திருகினான். என்ஜின் இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. பத்து நிமிஷமாவது சூடேறாமல் எடுத்தால் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும். பிணத்தோடு நடுத்தெருவில் நிற்க முடியுமா?

காத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்த சண்டை காதுக்குள் ஓடியது.

"என்ர சந்திரவதனா போட்ட கடிதங்கள் ஏன்டா உன்ர பெட்டிக்குள்ளை கிடக்கு?"

"ஒளிச்சு வைச்சனான்."

"ஆறு மாசமாடா! சந்திரவதனா என்னை மறந்திட்டாள் எண்டு அழுதனான். நீ பக்கத்திலை இருந்து ஆறுதல் சொன்னனி!"

"அவ வந்தா நீ போயிடுவாய். பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?"

ஒரே ஒரு தள்ளு!

சமையலறை மேசை விளிம்பில் தலை மோதி விழுந்தவன் எழவே இல்லை. மூக்கருகே கை வைத்தான் சிறிதரன். குளிரில் விறைத்த கைக்கு மூச்சு தெரியவில்லை.

மாட்டிக்கொண்டால் ஜெயில். யாழ்ப்பாணத்தில் இவனுக்காகக் காத்திருக்கும் காதலி சந்திரவதனாவை மறந்துவிட வேண்டியதுதான். விடிவதற்குள் டண்டினோங் மலைக்காட்டுக்குப் போயாக வேண்டும்!

தாய்மொழியில் பேச இந்தத் தெருவில் இருந்தது ஒரே ஓர் ஆள். அவனும் இப்போது டிக்கியில்... சிறிதரன் ஸ்டியரிங்கில் முகம் புதைத்துச் சத்தமாக அழுதான்.

பனி கரைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரில் கை வைத்தான்.

"ஹச்!"

ஒற்றைத் தும்மல்...!

டிக்கியில் பிணத்தை ஏற்றியவனுக்கு ஒற்றைத் தும்மலோடு புறப்படத் துணிவு வரவில்லை. சகுனம் சரியில்லை. உள்ளே போய், கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ, கிளம்பாதோ! ஓடவிட்டே இறங்கிப் போனான்.

அரைக் கோப்பை தண்ணீர் இறங்கவில்லை.

க்ரீ...ச்!

ஓடி வந்தான். புல்லில் டயர்த் தடம். கார் இல்லை!

யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? கதிரையில் வந்து விழுந்தான்.

ஏழரை மணிக்கு டெலிபோன் அலறியது.

"போலீஸ்! உங்கள் கார் கிடைத்துவிட்டது. தாறுமாறாக ஓட்டிய திருடனும் சிக்கிவிட்டான்!" ஆங்கிலத்தில் உற்சாகமான குரல். "டிக்கியைத் திறந்து பார்த்தோம்..."

அந்தக் குளிரிலும் சிறிதரனுக்கு வியர்த்தது.

"ஐயா, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான்தான்..."

"இருங்கள், உங்கள் நண்பர் பேச வேண்டுமாம்."

"ஹலோ... மச்சான்!"

இந்திரகுமார்!

"டேய்... நீ உயிரோடையா?"

"ஓம். தலையிலை தையல் போடவேணுமாம். கள்ளன்தான் அடிச்சு டிக்கிக்குள்ளை போட்டவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்டா என்னைக் காப்பாத்தினனி?"

"அரை மயக்கத்திலை கிடந்தனான். நீ எனக்காக அழுதது கேட்டுது."

சிறிதரன் விம்மிவிட்டான்.

"என்னை மன்னிச்சிடு, மச்சான்!"

"மன்னிச்சாச்சு. ஆனா ஒண்டு... இங்கை வரவேண்டாம் எண்டு சந்திரவதனாவுக்கு இண்டைக்கே எழுதிப் போடு."

"டேய்!"

"இல்லாட்டி ஆர் அடிச்சதெண்டு எனக்கு வடிவா ஞாபகம் வந்திடும். நீ இருக்கிறாய், நான் இருக்கிறன். போதாதே?"

சிறிதரன் சந்திரவதனாவின் கடிதங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"வரேக்கை போர்வை ஒண்டு கொண்டு வா. என்ஜினைப் பத்து நிமிஷம் சூடாக்கினாய், சரி... டிக்கிக்கு ஹீட்டர் இல்லையெண்டு தெரியாதே உனக்கு?"