முழுச் சூரியன்

காலை மணி அடித்ததும் தமந்தா கொடிக்குக் காற்றடிக்கப் போனாள். நிலவுக் குடியிருப்பின் குவிமாடத்துக்குள் மூச்சுவிடக் காற்று உண்டு, வீசுவதற்குக் கிடையாது. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கம்பத்தடியில் இருக்கும் ஊதுகருவியைச் சுழற்றினால்தான் கொடி படபடக்கும். கறுப்பு, சிவப்பு, பச்சைப் பட்டைகள். கறுப்பில் பாதி எழுந்த செஞ்சூரியன். மலாவி நாட்டுக் கொடி. அந்நாட்டார் குடியேறிய நிலவின் தென்முனைக்கு அதைவிடப் பொருத்தமான கொடி அமையாது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. அடிவானத்து விளிம்பிலேயே உருண்டுகொண்டிருக்கும்.

அன்று அவள் மனம் கொடியில் இல்லை. குழாய் வெடித்துத் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. மக்காச்சோளம் பால்பிடிக்கும் பருவம். மாலைக்குள் நனையாவிட்டால் தெருவுக்கே களி கிடையாது.

அவள் கொடுத்த புகார் ஆள்மதியிடம் இருந்தது. மனிதத் தலைவர்களிடம் அலுத்துப்போய், பூமியின் ஆட்சிப் பதிவுகளையெல்லாம் படிக்கக் கொடுத்து ஊரார் அரியணை ஏற்றிய இயந்திர மூளை அது. அதற்கு மாலை வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். ஊர் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு குறையைப் பற்றிய பேச்சு ஓய்ந்தால், குறை தீர்ந்தது என்று அதற்குக் கணக்கு.

நண்பகலில் தீர்வு என்று ஆள்மதி அறிவித்ததும் சதுக்கம் நிரம்பிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரன் லிம்பானி குடத்தோடு வந்து நின்றான்.

முரசு முழங்கியது. பழைய கொடி இறங்கியது. நடுவில் முழு வெள்ளைச் சூரியன் ஒளிர, புதுக் கொடி ஏறியது.

"சூரியன் எழுந்துவிட்டது. நாம் முன்னேறிவிட்டோம்" என்றது ஆள்மதி.

கூட்டம் ஆர்ப்பரித்தது. தமந்தா ஆள்மதியின் ஒலிப்பெட்டியை நெருங்கினாள். "தண்ணி எங்க?"

"முன்னுதாரணம் தேடினேன் அம்மா. 2010இல் உங்கள் முன்னோர், நாடு முன்னேறியதன் அடையாளமாக இந்தக் கொடியைத்தான் ஏற்றினார்கள். குழாய் மாற்ற ஒரு வாரம் ஆகும். கொடி மாற்ற ஒரு நிமிடம்."

"ரெண்டே வருஷத்துல அத இறக்கிட்டு பழசையே ஏத்தினாங்களே, அதப் படிக்கலையா?"

"படித்தேன். அதற்காகப் பழசையும் மடித்துத் தயாராக வைத்திருக்கிறேன்."

தமந்தா கொதித்துப்போய்க் கம்பத்து மேடையில் ஏறினாள். முதலில் கொடி விஷயத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு அப்புறம் குழாய்க்கு வரலாம் என்பது அவள் எண்ணம். இந்த ஊரில் முழுச் சூரியனைக் கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டாள்.

லிம்பானி குறுக்கே பாய்ந்தான். "பாதிச் சூரியன்னா இன்னும் விடியலைன்னு அர்த்தம். எத்தனை காலத்துக்கு விடியாமலே கெடக்குறது? எம் பிள்ளைங்களாவது எதையாச்சும் முழுசாப் பாக்கட்டுமே."

"எங்கப்பா சவப்பெட்டி மேல போத்தினது அந்தப் பாதிச் சூரியன் கொடிடா!" என்று கத்தினாள் தமந்தா.

அவ்வளவுதான். ஊர் பாதிக்காரர், முழுக்காரர் என்று இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் கன்னத்தில் சூரியன் வரைந்துகொண்டு ஓடினார்கள். லிம்பானியின் குடத்தை யாரோ கவிழ்த்து மேளமாக்கினார்கள். பேசாதவரெல்லாம் பேசினார்கள். இப்படி ஒரு கொண்டாட்டத்தை அந்தக் குடியிருப்பு கண்டதில்லை. மாலையில் வாக்கெடுப்பு, பாதிச் சூரியனே வென்றது. தமந்தாவைத் தோளில் தூக்கிச் சுற்றிவந்தார்கள். பழைய கொடி ஏற, அவளே ஆனந்தக் கண்ணீரோடு ஊதுகருவியைச் சுழற்றினாள்.

கொடிச் சண்டை தொடங்கிய பிறகு ஒருவரும் தண்ணீர் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. ஆள்மதி புகாரைத் தீர்ந்ததாக முடித்துவைத்தது.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன தமந்தா தோட்டத்துக்கு வந்தாள். சோளத் தோகைகள் சுருண்டு கிடந்தன. குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

ஒரு கொடி பறக்கப் போதுமான காற்று.