கட்டிலை ஒட்டிய சுவர்

அன்று சன்னல் கண்ணாடி உட்புறத்தில் வியர்த்திருந்தது. குளிர்சாதனம் ஓடும் அறையில் அது வெளிப்புறமாகத்தான் வியர்க்கும்; புதுச்சேரிக்குத் திரும்பி வந்த நாள்முதல் ஏலிஸ் அந்த ஈரத்தைத்தான் துடைத்து வந்தாள். உட்புறம் வியர்ப்பதெல்லாம் லியோன் நகரத்து வீட்டில், வெளியே பனி கொட்டும் மாதங்களில். இங்கே, ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த புழுக்கமான பிற்பகலில், குளிர்ந்த அறைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது எது?

யோசிக்கத் தெம்பில்லை. துணியை எடுத்துத் துடைத்தாள்.

அவளுடைய கணவர் வின்சான், பிரெஞ்சுப் படையில் ஓய்வு பெற்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. இன்னொரு முறை சளி கட்டினால் தாங்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து குறுக்கே காற்று ஓடவிட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்பது பிரான்சில் அவர் கற்று வந்த அச்சம். ஆகவே பழைய மரச்சன்னல்களைப் பெயர்த்துவிட்டு, எறும்பும் நுழையாத இரட்டைக் கண்ணாடிகளைப் பொருத்தச் செய்திருந்தார். துவைத்த துணிகளும் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. காய்ந்தன என்று சொல்வதும் பிழைதான்.

கட்டிலை ஒட்டிய சுவரில் பூசணம் பூத்தது.

"மதாம், பிரான்சுல குளுருக்குச் சாத்துனீங்க, சரி. இங்க எதுக்கு? முசியேவ ஊறுகா போடப் போறீங்களா?" மீன் குழம்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொன்னா கேக்குறாரா? கூரான்தேர், கூரான்தேர்னு உசுர வாங்குறாரு. குறுக்குக் காத்து பட்டா செத்துடுவாராம்."

"அவருக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க போல. கண்ணாடியில மொகத்தப் பாத்தீங்களா?"

ஏலிஸ் சிரிக்க முயன்றாள், அதற்கும் வலுவில்லை. அஞ்சலாட்சி போனபின், மூக்கை எரிக்கும் வெளுப்புத் திரவத்தை வாளியில் கலந்து, நாள்தோறும் செய்வதுபோலக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தன்னை நுழைத்துக்கொண்டாள். நனைந்த சாக்கின் வாடையும் பழைய மருந்துப் புட்டியின் வாடையும் கலந்து சுவரிலிருந்து வீசின. தேய்க்கத் தேய்க்கக் கறை வளர்ந்தே வந்திருந்தது. அன்றுதான் அதன் உருவம் அவள் கண்ணில் பட்டது: ஒருக்களித்த தலை, தோள், மடக்கிய முழங்கால்கள்.

சில நாள்களாக அவர் இருமவே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்காக அவள் மகிழ்ந்தும் இருந்தாள்.

மார்பிருக்கும் இடத்தில் தூரிகையை வைத்துத் தேய்த்தாள். கறை வெளுத்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ நின்றது.

அவருடைய மூச்சு.

திரும்பினாள். நெஞ்சு அசையவில்லை. உதடுகள் நீலம். "என்னங்க! என்னங்க!" உலுக்கினாள். தூரிகை கீழே விழுந்தது. வெளுத்த இடத்தில் கருமை மெல்ல ஊறிப் பரவியது. பரவி முடிந்ததும் அவர் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

அஞ்சலாட்சியை அழைக்கச் சன்னலைத் திறந்தாள். காற்று குபீரென்று நுழைந்தது. சுவரில் கறையின் ஓரங்கள் உலர்ந்தன. கட்டிலில் அவர் விரல்கள் சருகுபோல் சுருண்டன. கன்னம் உள்ளே போனது.

சாத்தினாள். தாழிட்டாள்.

பிறகு சமையலறைக்குப் போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். கறையின் தலைப்பகுதியில் சொம்பைச் சாய்த்தாள். ஒரு சொட்டும் தரைக்கு இறங்கவில்லை.

வின்சானின் உதடுகள் மூடியே இருந்தன. சுவரில் சுண்ணாம்பு மெல்லப் பிளந்தது.

மடக். மடக்.

"போதுமாங்க?" என்றாள் ஏலிஸ், சுவரைப் பார்த்து.

வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.