ஆறில்லாத பலகை

மூன்று நாளாகியும் பலகை காயவில்லை. எடோ நகரில் அது மழைக்காலமும் இல்லை. முற்றத்தில் தொங்கவிட்ட முள்ளங்கிகூடச் சுருங்கிப்போயிருந்தது. அச்சுக்குச் செதுக்குவதற்காகச் செர்ரிப் பலகையில் கன்சுகே கவிழ்த்து ஒட்டிய ஓவியத்தாள் மட்டும் இப்போதுதான் நனைத்தது போலிருந்தது. கிட்டப் போனால் ஆற்றுப்பாசியும் அவுரியும் கலந்த வாடை.

தெரிந்த வாடைதான். சாயப்பட்டறையில் வேலை பார்த்த மகள் ஒமினே அதைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நகத்தில் ஏறிய நீலம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உழைக்கும் பெண்கள் பட வரிசைக்காக ஓவியர் அவளை, முழங்காலளவு ஆற்றில் துணி அலசுகிறவளாக வரைந்தார். அடுத்த மாதம், "கை மரத்துப்போகுதுப்பா, இன்னிக்கு வேணாமே" என்றவளைக் கன்சுகேதான் ஆற்றுக்கு அனுப்பினான். துணி மட்டும் கரை ஒதுங்கியது.

அவள் முகம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு தாளில்தான். செதுக்கும்போது தாள் சிதைந்துவிடும். உளி தப்பினால் மகள் இன்னொரு முறை போய்விடுவாள். மனம் பதறப் பதற முடியை, விரல்களை, மூடிய வாயை இழை இழையாகச் செதுக்கி நிறுத்தினான். ஆற்றுக் கோடுகளை மட்டும் ஒன்று விடாமல் வெட்டி எறிந்தான்.

அச்சுக்காரன் இசாகு மாதிரித் தாள்கள் எடுக்க வந்தான்.

"என்னண்ணே, ஆத்துல நிக்கிற பொண்ணு, ஆத்தையே காணோம்?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்யா. அவ தண்ணியில நின்னது போதும்."

இசாகு மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து உரித்தான். அவள் பாதத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் விழுந்திருந்தன. தாளின் சுருக்கம் என்றான். இரண்டாம் தாளில் முழங்கால் வரை தண்ணீர். நான்காவதில் இடுப்பு. தேய்க்கும் சத்தத்துக்கு அடியில் யாரோ துணி அலசும் சத்தம் கேட்டது. இசாகு தேய்ப்பானைக் கீழே வைத்தான். செருப்புகூடப் போடாமல் வெளியே போனான்.

கன்சுகே தேய்ப்பானை எடுத்துக்கொண்டான். இன்னும் ஒரு தாள் எடுத்தால் தண்ணீர் வடிந்துவிடும், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

நெஞ்சு.

இன்னும் ஒன்று. கழுத்து.

அவன் மூடிச் செதுக்கிய வாய் திறந்திருந்தது.

இன்னும் ஒன்றே ஒன்று. தாள் முழுக்கத் தண்ணீர். மேலே ஐந்து விரல்நுனிகள்.

பலகையைப் பார்த்தான். முகம் இருந்த இடத்தில் வெறும் மரம், மழமழவென்று. அதில் ஐந்து கீறல்கள். சிராய்கள் மேல்நோக்கி நிமிர்ந்திருந்தன, உள்ளேயிருந்து கீறினாற்போல. ஒன்றின் முனையில், நீலம் ஏறிய நகம்.