காலருக்குள் சிவப்பு நூல்

"ஏங்க, இது சட்டையா, முள்வேலியா?"

சலவைக் கடை மேசைமேல் ஒரு சட்டை வந்து விழுந்தது. சிட்டு நிமிர்ந்தாள். விமானப்படைக்காரன். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். வெளியே மழை... அவன் இமைகளில் இன்னும் இரண்டு துளிகள்... ஐயோ, கண்ணா அது! சட்டென்று பார்வையைச் சட்டைக்கு மாற்றிக்கொண்டாள்.

காலரின் உள்பக்கம் அவள் சிவப்பு நூலால் தைத்த குறி. இரண்டு பிறை, ஒரு புள்ளி.

"கழுத்தை அறுக்குது. எடுத்திடுங்க."

"உங்க முகாம்ல எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. குறி இல்லேன்னா எது உங்களுதுன்னு ஜோசியமா பார்ப்பேன்? தனி ஆளுன்னா ஆளுக்கு ஒரு குறி. குடும்பம்னா வீட்டுக்கு ஒண்ணு. அதான் இங்க வழக்கம்."

"கொஞ்சம் உறுத்தாத குறியா ஒண்ணு..."

"வேணும்னா கழுத்தை மாத்திட்டு வாங்க."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணி களுக்கென்று சிரித்தாள். அவன் காது மடல் சிவந்தது. "நாளைக்கு வர்றேன்" என்று மழையில் இறங்கிவிட்டான்.

'திமிர் பிடிச்ச நெட்டை...' சிட்டு அந்தக் குறியின் மேலேயே மறுபடி தைத்தாள். ஒரு சுற்று இல்லை, ஏழு சுற்று.

மறுநாள் அவன் காலரைத் தடவிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அதையே உடுத்திக்கொண்டு, இன்னொரு சட்டையைச் சலவைக்குப் போட்டான். போகும்போது ஒரு சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்துத் துணி எடுக்க முகாம் டிரைவர் வந்தார்.

"அந்த நெட்டைத் தம்பியோட விமானம் கடல்ல விழுந்துடுச்சும்மா. தேடிப் பார்த்தாங்க... கிடைக்கல."

அவன் சட்டை மட்டும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டதில்லை. அழுவதற்கு அவள் யார்? குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, அந்தக் காலரிலிருந்த சிவப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"யாருக்குடி பிரிக்கிற?" என்றாள் அண்ணி.

"உறுத்துதுன்னு சொன்னார் அண்ணி... கேட்காம விட்டுட்டேன்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு நர்ஸ் வந்தாள். கையில் வெட்டியெடுத்த காலர்.

"எங்க துறைமுக ஆஸ்பத்திரியில மீன்பிடிப் படகுக்காரங்க ஒருத்தரைக் கொண்டு வந்து சேர்த்தாங்க. காய்ச்சல்ல நினைவு இல்ல. கழுத்துல போட்டிருந்த பேர்த் தகடு, காகிதம் எல்லாம் கடலோட போச்சு. யாருன்னே தெரியல. இந்தக் குறி யார் போட்டதுன்னு கடை கடையா ஏறி இறங்கறேன்."

உப்பில் துணி வெளுத்திருந்தது. நூல் மட்டும் சிவப்பாகவே இருந்தது. ஏழு சுற்று...

"நான்தான்" என்றாள் சிட்டு.

அண்ணி முகாமுக்குச் செய்தி சொல்ல ஓடினாள். சிட்டு நர்ஸோடு பஸ் ஏறினாள். கட்டில் ஓரம் இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, ஜன்னலில் தூறல் விழும்போது, அவன் கண் திறந்தான்.

"முள்வேலி..." என்றான்.

அவள் அழுதுவிட்டாள். "கோபத்துலதான் அப்படித் தைச்சேன். ஏழு சுத்து. மன்னிச்சிடுங்க."

"தெரியும். ரெண்டு நாள் மிதந்தேன். கண்ணை மூடினா தண்ணிக்குள்ள போயிடுவேன். மூடும்போதெல்லாம் கழுத்துல உறுத்தும்... உங்க மேல கோபமா வரும். கோபத்துல எங்கேங்க தூங்கறது?"

அவள் பையிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினாள். "இதுல குறி இல்ல. பிரிச்சுட்டேன். இனிமே உறுத்தாது."

அவன் காலரைத் தடவினான். முகம் வாடியது.

"குறி இல்லாத சட்டையை நான் போட மாட்டேன்."

"பழைய குறியே போடவா?"

"வேண்டாம். அது தனி ஆளு குறி." அவன் காது மடல் மறுபடி சிவந்தது. "வீட்டுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களே... அப்படி ஒண்ணு யோசிங்க. உங்க துணிக்கும் என் துணிக்கும் சேர்த்து."

சிட்டு பையிலிருந்து ஊசியை எடுத்தாள். ஊசியில் சிவப்பு நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நான்காவது தடவைதான் கோர்க்க முடிந்தது.