முப்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி

க்ர்க் தீவில் எங்கள் ஊர்ப் பங்குக் குருவின் வீட்டு மாடியில்தான் எனக்கு வேலை. ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் சபையின் பழைய புத்தகம். நானூறு வருடமாக இறந்தவர்களின் பெயர்கள், எல்லாம் கிளாகோலிட்சா என்ற பழங்கால எழுத்தில். ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய குறியெண்ணைத் தட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தோர் நாள் பூசையில் ஃபாதர் இனி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

முப்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரியில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண்ணின் பெயர். அதன் நடுவில் இருந்த எழுத்துக்கு கணினியின் எழுத்து அட்டவணையில் குறியெண்ணே இல்லை. ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: "கொள்ளைநோயில் எல்லோரையும் பார்த்துக்கொண்டவள். இவளுக்கென்று யாரும் மிஞ்சவில்லை. இவள் பெயரை நாம் வருடந்தோறும் சொல்வோம்."

அதை நான் வாசித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க முடியாது.

"புது எழுத்துக்கு நம்பர் வாங்க மனு போடணும். ரெண்டு வருஷம் ஆகும்," என்றார் சிமே. ரியேக்காவிலிருந்து வந்திருந்த கணினிக்காரர். "அதுக்குள்ள நீயே அந்த லிஸ்ட்ல சேந்துருவ, நெவென்கா."

"நாளைக்குப் பூசைங்க. இப்ப என்ன பண்றது?"

"படமா எடுத்து ஒட்டு. ஒரு மணி நேர வேலதான்."

மதியம் தாண்டியிருந்தது. எனக்குப் பசி. அவர் கீழே இறங்கியதும் கணினிப் பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டேன். செத்து நானூறு வருடம் ஆனவள் வந்து கேட்கவா போகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கோயில் முழுக்கச் சாமந்தி வாசனை. ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மிக்குலா பார்பிச்."

"இளைப்பாற்றி அருளும்."

ஃபாதர் தாளைப் புரட்டினார். அந்தச் சின்ன இடைவெளியில் எனக்குப் பின்னால் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். தன் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருப்பவள் இழுக்கிற மூச்சு.

அது வெளியே வரவில்லை.

திரும்பினேன். பின் பெஞ்சு காலி.

பூசை முடிந்ததும் மாடிக்கு ஓடிப் புத்தகத்தைத் திறந்தேன். தாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சுரண்டிய தடம்கூட இல்லை.

"சிமே, இங்க ஒரு வரி இருந்துச்சே. மனு போடணும்னு சொன்னீங்களே."

"நானா? காலையிலேயே ரக்கியா குடிச்சிட்டியா, நெவென்கா?"

இருபது வருடம் அந்தப் புத்தகத்தை வாசித்த ஃபாதரிடம் போனேன். "அந்தப் பக்கம் மிக்குலாவோட முடியுதும்மா," என்றார் அவர். "எப்பவுமே அப்படித்தான்."

பட்டியலில் அவள் பெயரைத் தட்டினேன். □ என்று வந்தது. பேனாவால் எழுதினேன். மை காய்ந்ததும் □. இதோ, உங்களுக்காகவும் எழுதுகிறேன்: □.

வாயால் மட்டும் சொல்ல முடிந்தது.

மெல்லச் சொன்னேன். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு என் பிடரியில் பட்டு இறங்கியது.

அன்று முதல் தினமும் சொல்கிறேன். மறந்தால் முதுகுக்குப் பின்னால் மூச்சு உள்ளே போகும், நான் சொல்லும்வரை நிற்கும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுகிறார்கள். ஊரே நினைத்துக்கொண்டிருந்தவளை ஒருவேளைச் சோற்றுக்காக இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

போன வாரம் கடுமையான காய்ச்சல். நான் தனியாக இருப்பவள். கதவை உள்ளே தாழிட்டுப் படுத்தவளுக்கு மூன்று நாள் நினைவில்லை. நான் போய்விட்டால் அவளும் அதோடு போய்விடுவாள் என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் கண் விழித்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. கதவு தாழிட்டபடியே இருந்தது.

என் நெற்றியில் நான்காக மடித்த ஒரு துணி. அப்போதுதான் யாரோ நனைத்துப் பிழிந்து போட்டிருந்தார்கள்.