எரியாமல் போன விளக்கு

வந்தவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு ஜன்னலுக்குப் போனார், அங்கிருந்து கதவுக்கு வந்தார். மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலக அறையில் இப்படி நடைபோட ஒருவருக்குத்தான் இடம் உண்டு. வழக்கமாக அது துப்பறிவாளரின் கணவருக்குச் சொந்தமான இடம். இன்று அவர் வேறு வழியில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அவர் மனைவிக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள் என்பார்கள். தையல் இயந்திரம் விற்பதை விட்டுவிட்டு அவள் பின்னால் அலையத் தொடங்கிய கணவருக்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. பரபரப்பு என்பது தானாகவே ஒட்டிக்கொண்டது.

“நின்னுக்கிட்டே சொன்னாலும் சரிதான், டீச்சர்,” என்றாள் நிதானம்.

வந்தவர் ஊருக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சி மன்றத்தில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர். அங்கே எல்லாருக்கும் அவர் டீச்சர்.

“சாயங்காலம் விசாரணை. லைசென்ஸ் போயிடும். அது போனா போகட்டும்மா. ஒருத்தர் காலை உடைச்சவங்கற பேரோட நான் எப்படி நடமாடறது?”

போன வாரம் ஒரு பல் டாக்டருக்குப் பாடம் எடுக்க, இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானத்தில் அவர் மேலே போயிருந்தார். திரும்பும்போது ரேடியோ கரகரத்தது. குனிந்து, டாக்டரின் முழங்காலுக்குப் பின்னால் மறைந்திருந்த மின்சார முள்ளைப் பார்த்தார். அது இறங்கிக் கிடந்தது. இந்த விஷயத்தில் விமானமும் கார் மாதிரிதான். இன்ஜின் சுழலும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும். அது நின்றுவிட்டால் பேட்டரியில் மிச்சம் இருக்கும் வரைக்கும்தான் பிழைப்பு.

“அப்போ இன்ஜினும் நின்னுடுமா?” பரபரப்பு குறுக்கே விழுந்தார்.

“நிக்காது சார். தீப்பொறிக்குத் தனி ஏற்பாடு இருக்கு. ஆனா ரேடியோ, ஃபிளாப் எல்லாம் போயிடும். நான் செய்ய வேண்டியதச் செஞ்சேன். ஃபியூஸ் பட்டன் வெளிய வந்திருக்கான்னு பாத்தேன், வரல. ஆல்டர்னேட்டர் சுவிட்ச அணைச்சு ஒரு தடவ போட்டேன். உயிர் வரல, திரும்ப அணைச்சுட்டேன். மத்த எல்லாத்தையும் நிறுத்தினேன். அதுக்குள்ள பேட்டரி செத்துப்போச்சு.”

வேகத்தைக் குறைக்கும் ஃபிளாப் மடல்கள் விரியாமல், ஒரு வார்த்தை முன்னறிவிப்புக்கும் வழியில்லாமல் விமானம் ஓடுபாதையில் இறங்கியது. அதே நேரம் எதிர்முனையிலிருந்து இன்னொரு விமானம் கிளம்பி ஓடி வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் இவரைக் கண்டதும் புல்லுக்குள் திருப்பினார். பள்ளத்தில் சாய்ந்து அவர் கால் முறிந்தது. அவர் மன்றத்து மெக்கானிக்கின் தம்பி.

“ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குங்கறாங்க. எச்சரிக்கை விளக்கும் எரியுதாம். சுவிட்ச் மட்டும் அணைஞ்சு கெடந்துச்சாம். அதனால நான் கிளம்பும்போதே போட மறந்துட்டேன், விளக்கையும் கவனிக்கலன்னு முடிவு கட்டிட்டாங்க. அந்த விளக்கு எரியலம்மா. என் கண்ணு அவிஞ்சு போகல.”

“கிளம்பறதுக்கு முன்னாடி அந்த விளக்கச் சோதிச்சீங்களா?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எப்பவும் சோதிப்போம்,” என்றார்.

நிதானம் எழுந்து செருப்பைத் தேடினாள்.

காரை ஓட்டும்போது பரபரப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரணைக்கு முன்னால் ஒரு மதியம்தான் மிச்சம். “மெக்கானிக்தான்,” என்றார். “ஏதோ கோளாறான வேலை பண்ணிட்டு, விபத்துக்கப்பறம் ரகசியமா சரி பண்ணியிருப்பாரு.”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள்.

விமானக் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் படபடத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அவர்களை வாங்க என்று சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவுமில்லை.

“தம்பிக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள் நிதானம்.

“கட்டு போட்டுப் படுத்திருக்கான். திரும்ப ஓட்டுவானான்னு கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.” அவர் விமானத்தின் கதவைத் திறந்தார். “காத்து மேல பழி போடக்கூட வழியில்லம்மா. அன்னிக்கு இலை அசையல. ரெண்டு முனைலேருந்தும் ஓட்டலாம்கற மாதிரி நாளு. அந்த நாள்ல போய் இப்படி.”

அவர் பேட்டரி சுவிட்சைப் போட்டார். பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. இன்ஜினைக் கிளப்பியதும் அது அணைந்தது, மின்சார முள் மேலே ஏறியது. உடனே நிறுத்திவிட்டார்.

“பாத்துட்டீங்களா? சார்ஜ் இல்லன்னா எரியும், இருந்தா அணையும். இதுல என்ன மர்மம்?”

“பல்ப் மாத்துனீங்களா? வயர் எதையாவது?”

“தொட்டா என் கை அழுகிப்போகட்டும். விபத்துக்கப்பறம் பேட்டரிய மட்டும் சார்ஜ் ஏத்திட்டு, இப்போ காட்டினேனே, இதே சோதனைதான். ரெண்டு தடவ பண்ணேன்.”

பரபரப்பு இதற்குள் விமானத்துக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். விளக்கைத் தடவிப் பார்த்தவர் விரலை இழுத்துக்கொண்டார். “என்னய்யா இது, வெல்லப்பாகு கொட்டின மாதிரி பிசுபிசுன்னு.” கைக்குட்டையில் துடைத்தார். நூல் நூலாக விரலில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். நிதானம் அவர் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள், பிறகு விளக்கின் விளிம்பைப் பார்த்தாள்.

பல் டாக்டர் மன்றத்து வராந்தாவில் சாட்சி சொல்லக் காத்திருந்தார். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடுவதாக இல்லை.

“விளக்கா? என் மூக்குக்கு நேரா இருக்கு. கிளம்புனதுலேருந்து இறங்குற வரைக்கும் எரியவே இல்ல. எரிஞ்சிருந்தா ஏன்னு கேட்டிருப்பேன். பறக்கறதுன்னா எனக்கு உள்ளூர உதறல், கண்ணுல படறதெல்லாம் என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அன்னிக்கு ஏறும்போதே சகுனம் சரியில்லம்மா. தலைல இருந்த தொப்பி பறந்து புல்லுல ஓடுச்சு. போனா போகட்டும்னு ஏறிட்டேன்.”

தலைமைப் பயிற்சியாளரை எல்லாரும் கேப்டன் என்றார்கள். அவர் இருவருக்கும் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“அந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி. நான்தான் கத்துக்கொடுத்தேன். ஆனா என்ன பண்றது? விளக்கு மினுக்க ஆரம்பிச்சதுமே திரும்பியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

“அன்னிக்கு அந்த விமானத்த வேற யாராவது எடுத்தாங்களா, சார்?”

“அதுக்கு முன்னாடி நான்தான் ஒரு சுத்து போயிட்டு வந்தேன். தங்கமா ஓடுச்சு.”

“விபத்து ஆனதும் உள்ள போய்ப் பாத்தது?”

“அதுவும் நான்தான். அவங்க ரெண்டு பேரும் அடிபட்டவரப் பாக்க ஓடிட்டாங்க. மெயின் சுவிட்ச யாராவது நிறுத்தணுமே.”

வெளியே வந்ததும் பரபரப்பு தலையில் கை வைத்துக்கொண்டார். “எல்லாரும் உண்மைதான் பேசற மாதிரி இருக்கு. அப்போ டீச்சர்தான் மறந்துட்டாங்களா?”

“மறந்திருந்தாலும் விளக்கு எரியணுமேங்க,” என்றாள் நிதானம்.

விசாரணை அதிகாரி பெரிய கோப்போடு வந்து இறங்கினார். நிதானம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மெக்கானிக் செய்த அதே சோதனையை, கொஞ்சம் நீட்டிச் செய்ய வேண்டும். விமானத்தைச் சங்கிலியால் கட்டிவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை, பறக்கும்போது இருக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும்.

மெக்கானிக் முணுமுணுத்தபடி ஏறினார். அதிகாரி, கோப்பைப் பரபரப்பின் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் இறக்கைக்குப் பின்னால் தள்ளி நின்றார்கள். இன்ஜின் உறுமியது. விசிறிக் காற்று கோப்பைத் திறந்து தாள்களை வாரிக்கொண்டு போனது. பரபரப்பு புல்வெளியில் ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் உள்ளே எந்த மாற்றமும் இல்லை. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே இருந்தார். பரபரப்பு மனைவியைப் பார்த்தார். இவள் கணக்கு என்றைக்காவது ஒரு நாள் தப்பத்தானே வேண்டும், அது இன்றைக்காக இருந்தால்?

“போதும்னு சொல்லுங்கம்மா. இன்ஜின் வீணாப்போகும்,” என்றார் கேப்டன்.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் நிதானம்.

அப்போது அதிகாரி சட்டென்று முன்னால் சாய்ந்தார். கையை உயர்த்தினார். இன்ஜின் நின்றது.

“எரிஞ்சுது,” என்றபடி இறங்கினார். “ஆனா நின்னு எரியல. வந்து வந்து போச்சு. என்ன சொல்றது, மினுக்குச்சு.”

மெக்கானிக் இன்ஜின் மூடியைக் கழற்றினார். சூட்டைப் பொருட்படுத்தாமல் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் போகும் மெல்லிய வயரை வளைத்துப் பார்த்தார். மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

“ஆறிக் கெடக்கும்போது முனைங்க ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. சூடாகி அதிர்ந்தா விலகிடுது. ஜில்லுன்னு இருக்கும்போதே பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.” அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

“அப்போ டீச்சர் மேல தப்பில்ல,” என்றார் பரபரப்பு.

“அது பாதிதான்,” என்றாள் நிதானம். “சுவிட்ச் போட மறந்தாலும் சரி, வயர் விட்டுப்போனாலும் சரி, செவப்பு விளக்கு எரிஞ்சாகணும். கண்ணு முன்னாடி உக்காந்திருந்த டாக்டர் எரியலங்கறாரு. இன்னிக்கு எரியுது. பல்ப யாரும் மாத்தல. அப்போ அன்னிக்கும் அது எரிஞ்சிருக்கு, கண்ணுக்குத் தெரியாம ஏதோ மூடியிருந்துச்சு. என் வீட்டுக்காரர் விரல்ல ஒட்டுனது டேப்போட பசை. கறுப்புப் பலகைல ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினா யாருக்குத் தெரியும்?”

“கிளம்பறதுக்கு முன்னாடி சோதிச்சா தெரிஞ்சிருக்குமே,” என்றார் அதிகாரி.

“அதான் நானும் கேட்டேன். சோதிச்சேன்னு டீச்சர் சொல்லல, எப்பவும் சோதிப்போம்னாங்க. இலை அசையாத நாள்ல டாக்டர் தொப்பி பறந்திருக்கு. இப்போ உங்க தாளெல்லாம் பறந்துச்சே, அதே காத்துதான். இவங்க ஏறும்போது இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஓடுற இன்ஜின்ல அந்த விளக்கச் சோதிக்க முடியாது. ஆல்டர்னேட்டர் சுவிட்ச் ஏற்கனவே போட்டிருக்கும், மறக்கறதுக்கும் அங்க வேலை இல்ல. அப்படித்தானே, டீச்சர்?”

டீச்சர் கேப்டனை ஒரு முறை பார்த்தார். “மன்றத்துல இன்ஜின் ஓட ஓட ஆள் மாறக் கூடாது. நேரமாச்சு, சீக்கிரம் ஏறுன்னாரு, ஏறிட்டேன். அவரு பேரு கெட்டுப்போகுமேன்னு சொல்லல.”

“நேரத்துக்காக இல்லம்மா. நிறுத்தினா திரும்பக் கிளப்பப் பேட்டரில சக்தி இருக்காதுன்னு அவருக்குப் பயம். உங்க கைக்கு வரும்போதே அது பாதி செத்த பேட்டரி.” நிதானம் கேப்டன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. “டீச்சர் எரியவே இல்லன்னாங்க. மெக்கானிக் காட்டினப்போ அசையாம எரிஞ்சுது. மினுக்கும்னு இன்னிக்கு மதியம் சொன்னது நீங்க மட்டும்தான், சார். அது மினுக்கினதப் பாத்த ஆளுதான் அப்படிச் சொல்ல முடியும்.”

கேப்டன் இறக்கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் மறுக்க ஒரு வழி இருந்தது என்று பரபரப்புக்குத் தோன்றியது. அவர் அதைத் தேடவில்லை.

“கூட வந்த மாணவன் அதப் பாத்துப் பயந்துட்டான்,” என்றார். “சும்மா விளக்குக் கோளாறுன்னு நெனச்சு ஒட்டினேன். சொன்னா மெக்கானிக் விமானத்த ஒரு வாரம் கொட்டகைல போட்டுருவாரு. பரீட்சைக்குப் பசங்க வரிசைல நிக்கறாங்க. இறங்கி வரும்போதுதான் பேட்டரியும் இறங்குதுன்னு தெரிஞ்சுது. அவ போய் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம்…” டீச்சரைப் பார்த்தார். “டேப்ப உரிக்கும்போதே தெரியும்மா, நான் என்ன பண்றேன்னு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார். ஏறியிருக்க மாட்டேன்,” என்றார் டீச்சர்.

அதிகாரி கேப்டனை அழைத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போனார். டாக்டர்கூட வாயை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“டீச்சர், தம்பி ரெண்டு நாளா உங்களக் கேட்டுக்கிட்டு இருக்கான். அவங்க மேல தப்பிருக்காது, ஒரு தடவ வரச்சொல்லு அண்ணான்னு சொன்னான். நான்தான் உங்க பேர எடுக்காதடான்னு அதட்டிட்டேன்.” துணியைத் தோளில் போட்டார். “ஆஸ்பத்திரில பாக்கற நேரம் முடியறதுக்குள்ள போயிடலாம். வரீங்களா?”

டீச்சர் தலையசைத்தார். நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

பரபரப்பு அதற்குள் ஓடிப்போய்க் காரின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். “மெதுவாவே ஓட்டுங்க,” என்றாள் நிதானம். அவர் அன்று சொன்னபடி கேட்டார்.